ராயபுரம் ஸ்டேஷனில் சறுக்குமரமா? அந்தப் படம் லண்டனில் எடுத்தது

"ராயபுரம் ரயில் நிலையத்தில் படிக்கட்டுக்குப் பதில் சறுக்குமரம்! ராக்கெட் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொய். ராயபுரத்தில் அப்படி எதுவும் கிடையாது. 1856-இல் திறந்த ஸ்டேஷன் அது. படத்தில் இருப்பது மாதிரி அஞ்சு மாடி உயரத்திலிருந்து சறுக்க அங்கே மாடி ஏது?

படத்தில் இருப்பது லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹால். 2006 அக்டோபர் முதல் 2007 ஏப்ரல் வரை அங்கே 5 சறுக்குமரங்கள் இருந்தன. அடிப்பாகம் ஸ்டீல், மேல்மூடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்; உள்ளே சுழன்று இறங்குபவரின் முகம் வெளியே தெரியும். அந்தக் கட்டடமே ஒரு பழைய அனல்மின் நிலையம். எண்ணூரில் வேலை பார்த்தவர்கள், படத்தில் கூரையடியில் நிற்கும் ராட்சத கிரேனைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

செய்தவர் கார்ஸ்டன் ஹோலர். விஞ்ஞானிதான், ஆனால் ராக்கெட் அல்ல, விவசாயம். பூச்சிகள் வாசனையால் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ந்து ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1990-களில் ஆய்வை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞரானார்.

வதந்தியில் துளி உண்மையும் உண்டு. லிப்ட், எஸ்கலேட்டர் மாதிரி சறுக்குமரத்தையும் பெரியவர்கள் தினமும் ஏன் பயன்படுத்தக் கூடாது என்று அவர் நிஜமாகவே கேட்கிறார். மிலானில் ஒரு அலுவலகத்துக்கு 2000-த்திலேயே ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்.