பாட்டிலில் உள்ள தேதி பொடிக்கு உரியது

"போன முறை மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்புக்குக் காலாவதி ஆக இன்னும் ஓராண்டு இருக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதிலேயே ஒரு ஸ்பூன் கொடுக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு.

பாக்டீரியாவைக் கொல்லும் இந்த ஆன்டிபயாட்டிக் பாட்டிலில் உலர்ந்த பொடியாகத்தான் விற்கப்படுகிறது; அச்சிட்ட அந்தத் தேதி அந்தப் பொடிக்கு உரியது. கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள அடையாளக் கோடு வரை ஊற்றிக் குலுக்கியதும் வேறு கணக்கு தொடங்குகிறது. தயாரிப்பைப் பொறுத்து 7 முதல் 14 நாள்கள் வரைதான் அது பயன்படும் என்பதை லேபிளிலேயே, மிகப் பொடி எழுத்தில்தான் என்றாலும், காணலாம். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் என்ற துணை மருந்தும் சேர்ந்த சிரப்போ, அந்த அமிலம் நீரில் விரைவாகச் சிதைவதால், ஃபிரிட்ஜில் வைத்தாலும் பெரும்பாலும் 7 நாள்தான் தாங்கும். கலக்கிய தேதியை நான் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன்.

'ஒரு ஸ்பூன்' என்பது அதைவிட ஆபத்தான பேச்சு. 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு வீரியங்களில் இம்மருந்து விற்கப்படுவதால், பாட்டில் மாறினால் அதே ஸ்பூனில் அளவு இரட்டிப்பாகிவிடலாம். சமையலறை ஸ்பூன்களோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. குழந்தையின் எடையையும் நோயையும் பார்த்து மருத்துவர் மில்லியில் எழுதும் அளவை, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுப்பதே சரி.

தவிர, குழந்தைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இம்மருந்து வேலை செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சக்கூடும். அமாக்சிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்தது என்பதால், முன்பு அவ்வகை மருந்தால் தடிப்போ மூச்சிரைப்போ ஏற்பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.