சர்க்கரை கொக்கைனை விட 8 மடங்கு போதையா?

செங்கோட்டை, புளியரை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘சர்க்கரை கொக்கைனை விட 8 மடங்கு போதை. எலிகளிடம் நிரூபித்துவிட்டார்கள். ஒரு சாயா, ஒரு பழம்பொரி போதும், நீங்கள் அடிமை.’

தவறு. பிரான்சில் எலிகளை வைத்து ஆய்வு நடந்தது உண்மை, 2007-இல் வெளியானது. கொக்கைனா, இனிப்புத் தண்ணீரா என்று விட்டபோது பெரும்பாலான எலிகள் இனிப்புப் பக்கம் போயின. அதுவும் பெரும்பாலும் சாக்கரின் கலந்த தண்ணீர்; சாக்கரின் சர்க்கரையே அல்ல, செயற்கை இனிப்பு. எது பிடிக்கிறது என்று பார்த்தார்களே தவிர, ‘8 மடங்கு’ கணக்கு அதில் இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வைத்தான் உண்மையில் பரப்பியிருக்க வேண்டும். எலிகளைத் தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டு, அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். அவை மடமடவென்று குடித்து, அடிமையானது போன்ற அறிகுறிகளைக் காட்டின. எந்நேரமும் சர்க்கரை கிடைத்த எலிகள் அப்படி ஆகவில்லை. கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட் வரிசையில் நின்று மதியச் சாப்பாட்டை விட்ட லாரி டிரைவர், நாலு மணிக்கு எண்ணெய் சொட்டும் பழம்பொரியை மூன்றாக உள்ளே தள்ளுகிறார். அவருக்குப் போதை இல்லை, கொலைப்பசி.

சரி, சாயாவை நிறுத்தினால் தலை வலிக்கிறதே? அது தேயிலையிலுள்ள கஃபீனின் வேலை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் ‘உணவு அடிமைத்தனம்’ கிடையாது. கட்டுப்பாடில்லாமல் அள்ளி உண்ணும் கோளாறு இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது அப்படிச் சாப்பிட்டு நொந்துகொள்வது 3 மாதம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.