24 கோரும் ஒரு பழைய கார்டும்

அக்காவின் மகன் எடுத்த புதுக் கொம்பியூட்டரைப் பற்றிப் புதன்கிழமை நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "காசிருக்கிறவன் வாங்குறான், உமக்கேன் எரியுது?" என்று ஒருவர் கேட்க, எனக்குத் தெரிந்த முகங்களும் அதற்குச் சிரிப்புப் போட்டிருந்தன. அன்றிரவு பதில் எழுதி எழுதி அழித்தேன். இன்றைக்கு அழிக்கப்போவதில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். கேம் விளையாட கொம்பியூட்டர் எடுப்பவர் முதலில் திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குக் காசை ஒதுக்க வேண்டும், கொம்பியூட்டரின் மூளையான புரோசஸர் அதற்குப் பிறகு. அக்காவின் மகன் எடுத்தது இன்டெலின் 24 கோர் புரோசஸர், ஐ9-14900கே. கோர் என்றால் புரோசஸருக்குள் வேலை செய்கிற ஒரு ஆள் மாதிரி. கடையில் அதோடு பூட்டிக் கொடுத்தது 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 என்ற சின்னக் கார்ட், நொடிக்கு 60 தரம் மட்டும் படத்தை மாற்றுகிற ஒரு 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர். அந்தக் கார்ட் மூச்சு வாங்கி ஒரு காட்சியை வரைந்து முடிக்கும்வரை 24 கோரும் கை கட்டிக்கொண்டு நிற்கும். அங்கே விலை குறைந்த புரோசஸரான இன்டெலின் ஐ5-12400எஃப்போ ஏஎம்டி கம்பனியின் ரைசன் 5 5600-ஓ இருந்திருந்தாலும் பெடியனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. மிச்சக் காசுக்கு நல்ல கார்ட் ஒன்று வந்திருக்கும். இதைச் சொன்னால் பொறாமை!

கோர் கூடினால் கேம் பறக்குமாம். அப்படியென்றால் 8 கோர் மட்டுமே உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி, பெரும்பாலான கேம்களில் இந்த 14900கே-யோடு சரிக்குச் சரி நிற்கிறதே, பலதில் முந்துகிறதே, எப்படி? ரைசனில் எல்3 கேஷ், அதாவது புரோசஸரோடேயே ஒட்டியிருக்கிற வேகமான நினைவகம், 96 எம்பி, 14900கே-யில் 36. குசினித் தட்டிலேயே உப்பும் புளியும் இருந்தால் ஒரு ஆள் போதும், கறி இறங்கிவிடும். ஒவ்வொரு சாமானுக்கும் கடைக்கு ஓட வேண்டுமென்றால் 24 பேர் நின்றும் என்ன பயன்? புரோசஸருக்கு வெளியே இருக்கிற நினைவகமான ராமுக்கு ஓடுவது அந்தக் கடைக்கு ஓடுகிற மாதிரித்தான்.

நானும் ஏமாந்தவன்தான். 2007-இல் கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய காசில் பென்டியம் டி புரோசஸர் எடுத்தேன், வேகம் 3 கிகாஹேர்ட்ஸ். உவர்மலையில் என் கூட்டாளி எடுத்தது கோர் 2 டுவோ, வெறும் 1.8. அவனை எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! அவன் வீட்டில் கார் ஓட்டும் கேம் என்னுடையதைவிட வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் போட்டுக் காட்டிய பின்னேரம், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். ஓடுகிற மனம் இல்லை. சித்தப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

வீடியோ எடிட்டிங் செய்தால் கோர் வேண்டும் என்கிறீர்களா? வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அக்காவின் பெடியன் எடிட்டிங் செய்கிறவன் இல்லை. நல்ல கார்டும் 240 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் வைத்துப் போட்டிக்கு விளையாடுகிறவனுக்கும் வேகமான புரோசஸர் வேண்டும். அதுவும் சரி. நான் என்ன, புரோசஸரே வேண்டாம் என்றா சொன்னேன்?

"நாளைக்குக் கார்டை மட்டும் மாற்றலாம்தானே" என்றார் ஒரு அண்ணை. மாற்றலாம். ஆனால் பிறகு புரோசஸரை மாற்ற நினைத்தால், அதைப் பூட்டுகிற அந்த மதர்போர்டுக்கு 14-ஆம் தலைமுறையோடு கதை முடிந்தது, 2024-இல் வந்த அடுத்த தலைமுறைக்குப் புரோசஸர் உட்காரும் சொக்கெட்டே வேறு. 2017-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், போர்டை இயக்குகிற அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றிவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி புரோசஸரைப் போடலாம். உடனே என்னை ஏஎம்டி ஆள் என்பீர்கள். என் மேசையில் ஓடுவது இன்டெலின் 12400எஃப், வந்து பாருங்கள்.

முழு வேகத்தில் 253 வொட் இழுக்கிற சாமான் பெடியனின் 14900கே. சித்திரை வெக்கையில், ஏசி இல்லாத அறையில். கரண்ட் பில்லைக் கட்டுவது அக்கா. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற அக்கா. சீட்டெடுத்த காசு அது. "காசிருக்கிறவன்" என்று எழுதியவருக்கு அது தெரியாது. என்னிடம் இலவசமாக விண்டோஸ் போட்டுக்கொண்டு போன ஆள்தான் அவர், அப்போது நான் "புரோ".

கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். நேற்றிரவு பெடியன் மெதுவாகக் கேட்டான், "மாமா, இடையில நின்று நின்று போகுது, பழுதா?" 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்தரச் சிப்புகளில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ப் பழுதாகிற பிரச்சினையை இன்டெலே ஒத்துக்கொண்டு, 2024 ஆகஸ்டில் திருத்தம் விட்டது. போர்டில் பழைய பயோஸ்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் போகிறேன். பயோஸை மாற்றி, மின்சாரத்தை 125 வொட்டுக்குக் கட்டிவிட்டு, அக்காவின் கையால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன்.

அதற்கும் சிரிப்புப் போடுங்கள்.