பகல் வெயிலை மட்டும் அளந்தால் போதாது

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கை விடுக்கும் முறையை மாற்றியமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓரிடத்தில் பகலின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் முதல் நிலை எச்சரிக்கை வருகிறது. 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. வட மாநிலங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். 1998 ஏப்ரலில் நாட்டின் உச்ச வெப்பநிலையாக 40.1 டிகிரி பதிவானதும் பெர்லிஸின் சுப்பிங்கில்தான். கோலாலம்பூரின் நிலை வேறு. இங்கே வெப்பமானி 33, 34 என்று காட்டும் நாளிலேயே காற்றின் ஈரப்பதத்தால் உடல் தத்தளித்துவிடுகிறது, ஆனால் அந்த நாள் எச்சரிக்கைக் கணக்கில் சேர்வதில்லை. அதைத் தொடர்ந்து வரும் புழுக்கமான இரவைப் பற்றியோ பேச்சே இல்லை.

உடலின் சூட்டைத் தணிப்பது வியர்வை ஆவியாவதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிந்தோடும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஆய்வாளர்கள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். அது 35 டிகிரியை எட்டினால் மனிதன் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2010இல் வெளிவந்த ஒரு கோட்பாட்டு ஆய்வு சொன்னது; பலரும் அதையே எல்லையாகக் கொண்டிருந்தார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதை நேரடியாகச் சோதித்தார்கள். உடலுக்குள்ளிருந்தே வெப்பநிலையை அனுப்பும் சிறு மாத்திரையை விழுங்கிய ஆரோக்கியமான இளைஞர்களை, சூட்டையும் ஈரத்தையும் கூட்டிக் குறைக்கக்கூடிய அறையில் இலேசான வேலை செய்ய வைத்தார்கள். ஈரம் மிகுந்த சூழலில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரியை எட்டும்போதே அவர்களின் உடற்சூடு கட்டுப்பாட்டை மீறத் தொடங்கியது என்பது 2022இல் வெளிவந்த முடிவு. நோய்நொடி இல்லாத இளைஞர்களுக்கே இந்த எல்லை என்றால், வயதானவர்களுக்கு அது இன்னும் தாழ்வானது.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இங்கேதான் தொடங்குகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. நீண்ட நாள் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் பழுதடைகின்றன, தோலுக்குப் பாயும் இரத்தமும் குறைகிறது. சர்க்கரை ஏறும்போது சிறுநீராக நீர் வெளியேறி உடல் வறண்டும் போகிறது. அதாவது, வெப்பத்தைத் தாங்க உடல் வைத்திருக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப் போன மனிதர்கள் நம்மிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். நாடு முழுவதும் நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் 9.07 விழுக்காடாக இருந்து 2018இல் 15.48 விழுக்காடாக உயர்ந்தது. டயாலிசிஸ் மையத்திற்கு வாரம் மூன்று முறை யாரையாவது அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் உறவினர்களுக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள்.

இதில் வேலையும் வந்து சேர்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கும் ஒரு பெரியவரின் காவல் கூண்டு மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே தகரம், எதிரே தார்ச்சாலை; உள்ளே ஒரு சிறிய மேசை மின்விசிறி, அதுவும் சூடான காற்றையே திருப்பி வீசுகிறது. நண்பகலைத் தாண்டியும் அவருடைய தண்ணீர்ப் போத்தல் பாதிக்கு மேல் குறையாமல் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். "தண்ணி குடிச்சா அடிக்கடி டாய்லெட்டுக்குப் போகணும் தம்பி, அது அந்தக் கோடியில இருக்கு. கேட்டை யாரு பாக்குறது?" என்றார். அவருக்கும் இனிப்புநீர் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலையில் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழகிவிட்டது. அவருடைய சிறுநீரகத்துக்கு அது பழகாது.

நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நிகராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டும் இளந்தொழிலாளர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலேயே, சிறுநீரகம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். கடும் சூட்டில் கடும் வேலை, திரும்பத் திரும்ப உடல் வறண்டுபோவது ஆகியவையே இதற்கு முக்கியக் காரணங்களாக ஆய்வாளர்களால் கருதப்படுகின்றன. நிகராகுவாவின் ஓர் ஆலையில் நிழற்கூடாரம், குடிநீர், கட்டாய ஓய்வு ஆகியவற்றை முறைப்படுத்திய பிறகு சிறுநீரகப் பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. வேலையிட வெப்பத்தோடு தொடர்புடைய நாள்பட்ட சிறுநீரக நோயுடன் உலகில் 2.62 கோடிப் பேர் வாழ்வதாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதைப் படித்தபோது, கர்ப்பிணியாக இருந்தும் வெளிக்காட்டில் வேலை செய்த நம் தோட்டத்துப் பாட்டிமார்கள் இழந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அதையெல்லாம் விதி என்று சொல்லித்தான் அவர்களுக்கு ஆறுதல் கூறப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 முதல் வேலையிட வெப்ப அழுத்தம் பற்றிய வழிகாட்டி நம்மிடம் இருக்கிறது. நல்ல வழிகாட்டிதான், ஆனால் வழிகாட்டி என்ற அளவிலேயே நிற்கிறது. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்து, முதலாளி இடர்மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. இத்தனை டிகிரிக்கு மேல் இத்தனை நிமிட ஓய்வு என்று அதில் எண் எதுவும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2023 அக்டோபரிலேயே அந்த எண்ணை எழுதிவிட்டார்கள். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் கணக்கில் கொள்ளும் குறியீடு 32 டிகிரியை எட்டினால் வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். அங்குள்ள காற்றும் இங்குள்ள காற்றும் ஒன்றுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம் கேட்க வேண்டும்.

இரவைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோலாலம்பூர் நகர மையம் புறநகரைவிடச் சூடாக இருப்பதை தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலேயே அளந்து எழுதினார். அதன் பிறகு நாம் கட்டிய காங்கிரீட்டுக்குக் கணக்கில்லை. மேற்குப் பார்த்த ஒரு பி.பி.ஆர். (குறைந்த வருமானத்தினருக்கான அரசு அடுக்குமாடி) வீட்டின் மேல்மாடியில் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாத தோசைக்கல் போல இருக்கும். தூக்கம் வர உடலின் உட்சூடு சற்றே இறங்க வேண்டும், அந்தச் சுவர் அதற்கு விடுவதில்லை. 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்களின் தூக்கத்தை அளந்த கைப்பட்டைக் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, இரவு வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டும்போது சராசரியாக 14 நிமிடத்துக்கும் மேல் தூக்கம் குறைகிறது. முதியவர்கள், பெண்கள், வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்கள் ஆகியோர் அதிகம் இழக்கிறார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் சர்க்கரை ஏறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. பகலில் பட்ட சூட்டிலிருந்து இதயம் மீளவும் அவகாசம் கிடைப்பதில்லை. குளிர்சாதனம் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். மாதம் 124 ரிங்கிட் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மின்கட்டணம் யார் கட்டுவது?

கோலாலம்பூர் மாநகர் மன்றம் முதலில் அளக்கட்டும். ஒவ்வொரு பி.பி.ஆர். குடியிருப்பிலும் மேல்மாடி, இடைமாடி, கீழ்மாடி வீடுகள் சிலவற்றில் வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறு கருவிகளை வைத்து, ஓர் ஆண்டின் இரவு அளவுகளை வெளியிடட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. அதைக் கொண்டு எந்தக் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு முதலில் வேண்டும், எந்தச் சுவருக்கு நிழல் வேண்டும் என்று முடிவு செய்யலாம். குடியிருப்பாளர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். காவல் கூண்டுக்கு அருகில் ஒரு கழிப்பறையையும், ஜாகாவுக்கு மாற்றாள் நிற்கும் இடைவேளையையும் அதே கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம், அதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் இனிப்புநீரோ சிறுநீரக நோயோ உள்ள பெரியவர்கள் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, புழுக்கமான வாரங்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தண்ணீர் அளவு வேறு. யார் சொன்னாலும் தாமாகக் கூட்டவோ மாத்திரையை நிறுத்தவோ கூடாது. தூக்கம் வராத இரவில் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மின்விசிறியின் கீழ் படுக்கச் சொல்லுங்கள்.