காளி கடைசியாகச் சொன்னது

'முள்ளும் மலரும்' படத்தை மகளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. 1978 ஆகஸ்ட் 15 அன்று வந்த படம். நான் பார்த்தது ரொம்ப வருஷம் கழித்து, வி.கே.புரத்தில் எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டபோது. பவர் ஹவுஸில் விஞ்ச், அதாவது மலையில் கம்பி கட்டி இழுக்கிற வண்டி, ஓட்டுகிற காளி, அவனுக்கு மேலே ஒரு இன்ஜினியர். பாபநாசம் லோயர் கேம்ப் மின்வாரியக் குவார்ட்டர்ஸைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது வேற்றூர்க் கதையாகவே தெரியவில்லை.

அந்த வயசில் எனக்குக் காளியின் தங்கச்சி வள்ளிதான் எல்லாம். நடித்த ஷோபாவுக்குப் பதினைந்து, பதினாறு வயசுதான் இருக்கும். கடைசியில், காளிக்குப் பிடிக்காத அந்த இன்ஜினியருக்கே ஊரே கூட நின்று கட்டிவைக்கக் கூட்டிப்போகும்போது, அவள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவருவாள். தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அழுதோம். தங்கச்சி என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று அன்றைக்கே மனசில் பதிந்துபோச்சு. பிற்பாடு மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க இடம் கிடைத்து, அண்ணன் வேண்டாம் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேனே, அப்போது எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். வள்ளி மாதிரி இருக்கிறோம் என்கிற பெருமை.

இப்போது பார்க்கும்போது மகள் கேட்டாள்: "இத்தனை பேர் அவ பக்கம் நிக்காங்க, பெறகு எதுக்கும்மா திரும்பி ஓடுதா?"

நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்தில் மங்காவும் நிற்கிறாள், காளியின் சொந்தப் பெண்டாட்டி. புருஷனை எதிர்த்து நாத்தனாரின் ஆசைக்காக நிற்கிற அண்ணி! அன்றைக்கு அவளை ஒருத்தரும் கொண்டாடவில்லை. சாப்பாட்டுப் பாட்டுப் பாடுகிறவள் என்றுதான் எனக்கும் ஞாபகம் இருந்தது.

ஆனால் என் மகள் படத்தையே தள்ளிவிடப் பார்த்தாள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கச்சி ஓடிவந்த பிறகு காளி அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. தானே இன்ஜினியரிடம் ஒப்படைக்கிறான், அப்போதும் 'எனக்கு இப்பவும் உங்களப் பிடிக்கல சார்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். வசனகர்த்தாவாகப் பேர் வாங்கிவிட்டு, படத்தில் வசனத்தைக் குறைக்கணும் என்று தான் இயக்கிய இந்த முதல் படத்திலேயே முனைந்த மகேந்திரன், அந்த இடத்தில் அதை மட்டும் பேச வைத்திருக்கிறார். எனக்குப் பிடிக்காது, அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான், கட்டிக்கொடுக்கிறேன். மனசு மாறித் திருந்திய அண்ணன் எத்தனையோ படத்தில் வந்தாச்சு. மனசு மாறாமலே வழிவிட்ட அண்ணன் இவன்.

எங்க பக்கத்துப் பையன்கள் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது 'கெட்ட பய சார் இந்தக் காளி' ஒன்றைத்தான். மீசையும் அந்த மிதப்பும் போதும் என்று விட்டுவிட்டார்கள். தங்கச்சி விரும்பினவன் என்பதற்காகவே அரிவாள் எடுத்த செய்தி இந்த நெல்லைச் சீமையிலிருந்து இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது, படிக்கிறபோதெல்லாம் வயிறு எரிகிறது. காளியைத் தலையில் தூக்கிவைத்து ஆடின ஊருக்கு அவன் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழவே இல்லையா?

பொங்கலுக்கு மகன் வருகிறான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அடுத்த தடவை பார்க்கப்போகிறேன். கெட்ட பய வசனத்துக்கு விசில் அடித்துவிட்டு நடுவில் எழுந்து போனால் விடமாட்டேன்.