தேர்வைப் பற்றி எங்களிடம் ஏன் யாரும் கேட்பதில்லை?

கருத்துப் படிவம் 13ஆம் வாரம் வந்தது. தேர்வு 16ஆம் வாரம் நடந்தது. என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் இந்த வரிசைதான்.

பாடம் புள்ளியியல். படிவத்தில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். விரிவுரையாளர் நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா? வருகிறார், ஒரு நாளும் தவறியதில்லை. குரல் கடைசி வரிசைவரை கேட்கிறதா? நன்றாகவே கேட்கிறது. பாடத்தில் புலமை உடையவரா? கரைத்துக் குடித்தவர். நானும் 4, 5 என்று போட்டுக்கொண்டே போனேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்க முடியும் என்பதால் வகுப்பு மொத்தமும் நிரப்பியது. மூன்று வாரம் கழித்து வினாத்தாளைக் கையில் வாங்கியபோதுதான், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்விகூட அந்த 20இல் இல்லை என்பது உறைத்தது.

வினாத்தாளில் எட்டு வினாக்கள். எல்லாவற்றுக்கும் விடையளிக்க வேண்டும். நேரம் மூன்று மணி, அதாவது ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 22 நிமிடம். ஐந்தாவது வினா இதுதான்: ‘டி பரவலின் அடர்த்திச் சார்பைத் தருவிக்க.’ சிறிய மாதிரிகளுக்கான நிகழ்தகவுப் பரவல் அது; அதன் சூத்திரத்தை அடிப்படையிலிருந்து படிப்படியாக நிரூபித்துக் காட்ட வேண்டும். 15 மதிப்பெண்.

டி சோதனையை நாங்கள் நான்கு வாரம் படித்தோம். பயிற்சித் தாள்கள் ஆறு கொடுத்தார். ஆறிலும் ஒரே வகைக் கணக்கு: சிறிய மாதிரி ஒன்று, அதன் சராசரி, திட்டவிலக்கம், கருதுகோளை ஏற்கலாமா, மறுக்கலாமா? விழுந்து விழுந்து போட்டோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் போட்டோம். தருவிப்பு? அது ஒரு ஸ்லைடின் அடியில் ஒரே வரியாக இருந்தது: ‘நிரூபணம் பயிற்சிக்கு விடப்படுகிறது.’ வகுப்பில் அந்த வரியை அவர் வாசிக்கக்கூட இல்லை. அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். இயல்நிலைப் பரவலையும் கை-வர்க்கப் பரவலையும் சேர்த்து எழுதி, மாறிகளை மாற்றி, ஜக்கோபியன் கண்டு, ஒரு மாறியைத் தொகையிட்டு நீக்கி, காமா சார்பில் கொண்டுவந்து முடிக்க வேண்டிய வேலை அது. முன்பே ஒரு முறை செய்து பார்த்தவனுக்கு 22 நிமிடம் போதும். முதன்முறையாகத் தேர்வு அறையில் அதைச் சந்திப்பவனுக்கு எப்படிப் போதும்?

தேர்வு முடிந்து வந்த கோபத்தில் அந்தப் பரவலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத் தந்தவர் வில்லியம் சீலி காசெட். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையில் கிடைக்கும் மாதிரிகள் நாலும் ஐந்துமாகச் சிறியவை. அவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாக ஒரு முடிவைச் சொல்லலாம் என்பதுதான் அவருடைய அன்றாடப் பிரச்சினை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். ஸ்டூடன்ட், அதாவது மாணவர். நாங்கள் நான்கு வாரம் ‘ஸ்டூடன்ட் டி’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். அது யார், ஏன் அந்தப் பெயர் என்று ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? சிறிய மாதிரிக்கு ஏன் தனிப் பரவல் வேண்டும் என்ற கேள்விக்கே அந்தக் கதையில் விடை இருக்கிறது!

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. காசெட்டே அந்தத் தாளில் முழுமையான நிரூபணம் தரவில்லை. மாதிரியின் மாறுபாடு எந்தப் பரவலைப் பின்பற்றும் என்பதை ஊகித்து, அந்த ஊகத்தின் மேல்தான் மீதியைக் கட்டினார். கண்டிப்பான நிரூபணத்தைப் பிறகு தந்தவர் ரொனால்ட் ஃபிஷர். கண்டுபிடித்தவரே ஊகத்தால் தாண்டிப் போன இடத்தை, கரும்பலகையில் ஒருமுறைகூடக் காட்டாமல், 22 நிமிடத்தில் எழுது என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கற்றுக்கொடுத்துவிட்டுக் கேட்கட்டும், மண்டியிட்டுப் படிக்கிறேன். கடினமான கேள்வியைக் கண்டு நான் ஓடவில்லை. கற்றுக்கொடுத்த இடம் ஒன்று, சோதித்த இடம் வேறொன்று என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்து, அந்த அட்டவணை.

இயல்நிலைப் பரவல் அட்டவணை இரண்டு மூன்று வடிவங்களில் அச்சாகிறது. ஒன்றில் இடக்கோடியிலிருந்து இசட் (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கத் தூரம் என்ற எண்) வரையிலான பரப்பு இருக்கும், அதில் 1.96க்கு நேரே 0.9750 என்று காணலாம். இன்னொன்றில் நடுவிலிருந்து, அதாவது சுழியிலிருந்து, இசட் வரையிலான பரப்பு. அதில் அதே 1.96க்கு 0.4750. இரண்டும் சரிதான். எது எது என்பதை அட்டவணையின் தலைப்பும் மேலே உள்ள சின்னப் படமும் சொல்லும். பருவம் முழுவதும் வகுப்பில் நாங்கள் பயன்படுத்தியது முதல் வகை. வினாத்தாளோடு இணைத்திருந்தது இரண்டாம் வகை. நகலெடுக்கும்போது தாளின் மேல் விளிம்பு வெட்டுப்பட்டு, தலைப்பும் போயிருந்தது, படமும் போயிருந்தது. வெறும் எண்கள் மட்டும், கொஞ்சம் சாய்ந்தபடி.

கணக்கு இது: மின்விளக்குகளின் சராசரி ஆயுள் 1000 மணி, திட்டவிலக்கம் 100 மணி, 1196 மணிக்கு மேல் எரிபவை எவ்வளவு? இசட் 1.96. வகுப்பில் பழகிய கை தானாகவே 1இலிருந்து அட்டவணை மதிப்பைக் கழித்தது. 0.5250 வந்தது. சராசரியைவிட இவ்வளவு மேலே உள்ள ஆயுளைப் பாதிக்கும் அதிகமான விளக்குகள் எட்டுமா? எட்டாது என்று தெரிகிறது, ஆனால் அட்டவணை கண்முன்னே இருக்கிறது. அட்டவணை தப்பா, நான் தப்பா? பேனாவை வைத்துவிட்டு, இரண்டு மூன்று இசட் மதிப்புகளைச் சரிபார்த்து, சுழிக்கு நேரே 0.5000 இருக்க வேண்டிய இடத்தில் 0.0000 இருப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் போயிருந்தது. விடை 0.0250. எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த தோழி 0.5250 என்றே எழுதிவிட்டாள். வழிமுறை முழுக்கச் சரி. 8க்குச் சுழி.

“புரிந்து படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்” என்றார் விரிவுரையாளர், நாங்கள் போய்க் கேட்டபோது. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் எங்களுக்கெல்லாம் நிபந்தனை நிகழ்தகவைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகும் அவர் குரல் மாறவில்லை. சரி, அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. விடை பொருந்துகிறதா என்று பார்ப்பது புள்ளியியலில் அடிப்படைப் பழக்கம். அதைச் சோதிக்க வேண்டுமானால் அதையே வினாவாகக் கேட்கலாமே! நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நேர்ந்த கவனக்குறைவுக்கு மாணவரின் அறிவுக்குறைவு என்று பெயர் வைப்பது அநியாயம். பச்சை அநியாயம்.

விடைத்தாள் பார்க்கும் நாளில் இன்னொரு கூத்து. அடுத்தடுத்து அமர்ந்து ஒரே பயிற்சித் தாளில் பழகிய இருவர், ஒரே வினாவுக்கு ஏறக்குறைய ஒரே படிகளை எழுதியிருந்தோம். எனக்கு 10க்கு 7, அவனுக்கு 4. அவன் தாளில் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: ‘போதாது’. எது போதாது? எந்தப் படியில் மூன்று மதிப்பெண் போனது? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். “ஒட்டுமொத்தப் பார்வையில் போட்ட மதிப்பெண்” என்று பதில் வந்தது. 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 100க்கு 30க்கும் கீழே போட்டவரும் உண்டு, 90க்கு மேல் போட்டவரும் உண்டு. வடிவியலில்! திருத்தும் கை எவ்வளவு தள்ளாடும் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்துபோன விஷயம். மாறுபாட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒருவர் தன் சிவப்புப் பேனாவின் மாறுபாட்டைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாதா? எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் அந்த வாக்குவாதமே வந்திருக்காது.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கிறது. “குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவர் குறை சொல்லத்தான் செய்வார்.” நான் வாங்கியது 71. குறைவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதே எனக்குக் கசப்பாக இருக்கிறது. 35 வாங்கியவன் சொன்னாலும் வெட்டுப்பட்ட அட்டவணை வெட்டுப்பட்ட அட்டவணைதான்.

கொஞ்சம் படித்தவர்கள் இன்னும் நயமாகச் சொல்வார்கள்: மாணவர் கருத்துக் கணிப்புகளை நம்ப முடியாது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே? சொல்கின்றன, மறுக்கவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு நடத்திய அதே ஆசிரியர்கள் ஆண் பெயரில் தோன்றியபோது கூடுதல் மதிப்பெண்ணும் பெண் பெயரில் தோன்றியபோது குறைந்த மதிப்பெண்ணும் பெற்றார்கள். 2017இல் உட்லும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியவில்லை. ‘ஆசிரியர் எப்படி?’ என்று கேட்டு 1 முதல் 5 வரை போடச் சொன்னால் இந்த லட்சணத்தில்தான் விடை வரும். கேட்ட கேள்வி அப்படி. நான் சொல்ல வந்தது என் விருப்பு வெறுப்பை இல்லையே! ஐந்தாவது வினாவுக்கான தருவிப்பு வகுப்பில் நடத்தப்பட்டதா? அட்டவணையில் தலைப்பு இருந்ததா? மதிப்பெண் பங்கீடு வெளியிடப்பட்டதா? இடைப்பருவத் தேர்வின் விடைத்தாள் இறுதித் தேர்வுக்கு முன்னால் கைக்குக் கிடைத்ததா? (கிடைக்கவில்லை. முந்தின நாள் மாலை மதிப்பெண் மட்டும் பலகையில் ஒட்டப்பட்டது.) இவை ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகள். ஆண் பெயரானாலும் பெண் பெயரானாலும் விடை மாறாது.

அந்த இடைப்பருவ விடைத்தாளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தேர்வு எழுதுவதே ஒரு வகைக் கற்றல்தான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுதியதில் எங்கே பிழை என்று காட்டினால் இன்னும் எவ்வளவு நன்மை! அந்தத் தாள்கள் ஏழு வாரம் அவருடைய அலமாரியின் மேல் கட்டாகக் கிடந்தன. கதவு திறந்திருக்கும்போதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும். மேலே இருந்த பழுப்பு உறையில் எங்கள் பிரிவின் பெயர்கூடப் படிக்க முடிந்தது. ஒவ்வொரு வாரமும் கேட்டோம். “அடுத்த வாரம்” என்றார். ஏழு அடுத்த வாரங்கள்.

நன்னூலில் மாணவரைத் தரம் பிரித்திருப்பது பலருக்குத் தெரியும். அன்னம் போன்றவர், பசு போன்றவர், கிளி போன்றவர், ஓட்டைக்குடம் போன்றவர் என்று. எங்களைத் திட்டுவதற்கு அந்த ஓட்டைக்குடத்தையும் எருமையையும் மேடையில் அடிக்கடி எடுப்பார்கள். அதே நூலின் அதே பாயிரத்தில், ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்றும் எழுதியிருக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை. நான்கு உவமைகள் அங்கே உண்டு. அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுவை. உள்ளே நிறைய இருக்கும்; எடுக்கப் போனால் கிள்ளிக் கிள்ளித்தான் வரும். இன்னொன்று மடற்பனை: கருக்கு மட்டை சூழ்ந்திருப்பதால் யாரும் ஏற முடியாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. ஏழு வாரம் அந்த அலமாரியை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே இரு பக்கத்தையும் எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். இன்று எங்களுக்கு மதிப்பெண் பட்டியல் வருகிறது. ஆசிரியர்கள் வைத்த தேர்வுக்கு யார் மதிப்பெண் போடுவது?

எங்களுக்கு வேண்டியது மிகச் சிறியது. தேர்வு முடிவு வெளியான பிறகு இன்னொரு படிவம் கொடுங்கள். அதில் வினாத்தாளைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே ‘இது வகுப்பில் நடத்தப்பட்டதா’ என்று ஒரு கட்டம் போதும். அதை அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார்ந்து படியுங்கள். படித்தோம், இதை மாற்றினோம், இதை மாற்றவில்லை, காரணம் இது என்று இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள். துறைத்தலைவரிடம் இதைக் கடிதமாகக் கொடுத்தோம். 38 பேரில் 31 பேர் கையெழுத்திட்டார்கள். மீதி ஏழு பேர் மீது எனக்குக் கோபம் இல்லை. அடுத்த ஆண்டும் அவர்களுக்கு அதே விரிவுரையாளரிடம் ஒரு பாடம் இருக்கிறது, பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கடிதம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது.

நேற்று நூலகத்தில் கீழ் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “அண்ணா, புள்ளியியல் குறிப்பேடு தருவீர்களா? டி பரவல் தருவிப்பு வருமா?” என்று கேட்டாள். வரலாம் என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஜக்கோபியனிலிருந்து காமா சார்பு வரை ஒவ்வொரு படியாக அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கிளம்பும்போது, நான் வைத்திருந்த அந்த வெட்டுப்பட்ட அட்டவணையையும் கொடுத்தேன். மேல் விளிம்பில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினேன்: ‘இது சுழியிலிருந்து இசட் வரை. 0.5000 கூட்டிக்கொள்.’