விளக்குகளை எண்ணாதீர்கள்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படத்தைப் பற்றித்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உணவுப் பாக்கெட், முகப்பில் எது எவ்வளவு இருக்கிறது என்று போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, ஆரஞ்சு, சிவப்பில் காட்டும் லேபிள், மேலே பெரிய எழுத்தில் "மூன்று பச்சை, ஒரு சிவப்பு. பச்சைதான் மெஜாரிட்டி, தைரியமாக வாங்குங்கள்." உங்களில் பாதிப் பேர் பகிர்ந்திருந்தீர்கள். அதன் கீழே நான் எழுதிய நாலு வரியையும், அதற்கு எனக்குக் கிடைத்த பட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். "சிவப்பைக் கண்டாலே அலறுகிற ஆள்." அதை எழுதியவர் நான் பல வருடமாக அண்ணன் என்று கூப்பிடுகிறவர். சரி, அது இருக்கட்டும்.

அந்த விளக்குகள் ஓட்டு அல்ல. எண்ணிப் பார்த்து எது ஜெயித்தது என்று சொல்ல முடியாது. கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெயில் அதிகம் இருக்கும் வகை), சர்க்கரை, உப்பு. நாலும் தனித்தனிக் கேள்விகள், நாலுக்கும் தனித்தனி விடை. அந்தப் படத்தில் இருப்பது பிரிட்டனில் 2013 முதல் புழங்கும் நாலு விளக்கு லேபிள். அதன்படி 100 கிராம் உணவில் உப்பு 0.3 கிராம் வரை இருந்தால் பச்சை, 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. சர்க்கரைக்கு 5 கிராம் வரை பச்சை, 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நடுவில் உள்ளது ஆரஞ்சு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோடு. சர்க்கரை குறைவாக இருப்பதால் உப்பை மன்னித்துவிடலாம் என்று அந்த முறையில் எங்குமே சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாம்தான் மனசுக்குள் போட்டுக்கொள்கிறோம்.

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாத குளிர்பானத்துக்கு நாலும் பச்சை. உப்பு போடாத பாதாமுக்குக் கொழுப்பில் சிவப்பு. அப்படியானால் பாதாமைவிடக் குளிர்பானம் உடம்புக்கு நல்லதா?

"அப்போ சிவப்பையும் நம்பக் கூடாது என்றுதானே ஆகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சிவப்பு என்றால் தொடாதே என்று அர்த்தமில்லை. எதில் சிவப்பு, யார் சாப்பிடப் போகிறார்கள், எவ்வளவு சாப்பிடப் போகிறார்கள் என்று நின்று பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் "மெஜாரிட்டி" என்று சொன்ன அந்த நொடியிலேயே எதில் சிவப்பு என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறதே. என் கோபமெல்லாம் அதில்தான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். கடையில் ஒரு சூப் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். கொழுப்பு பச்சை, நிறைவுற்ற கொழுப்பு பச்சை, சர்க்கரை பச்சை. உப்பு சிவப்பு. மூணுக்கு ஒண்ணுதானே என்று நினைத்து ஒன்றல்ல, ஆறு டப்பா வாங்கினேன். பாதி டப்பாவுக்கு 2 கிராம் உப்பு என்று அதிலேயே போட்டிருந்தது. அம்மா ஒரு வேளைக்கு முழு டப்பாவையும் சாப்பிட்டார். பாதியை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் என்று அந்த லேபிள் எடுத்துக்கொள்ளும் உப்புக் கணக்கு 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் கீழே. ஒரே வேளையில் சூப்பிலேயே 4 கிராம். அந்த வாரம் மருத்துவர் அம்மாவின் அழுத்தத்தை இரண்டு தடவை அளந்துவிட்டு "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுக்குது" என்று அம்மா சொன்னார். பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் எண்ணாதீர்கள் என்கிறேன். பயம் காட்டுவதற்காக அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த லேபிளைக் கடைக்கு வருகிறவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளியானது. இரண்டு லேபிளைக் காட்டி எது உடம்புக்கு நல்லது என்று கேட்டார்கள். ஆட்கள் பச்சையைவிடச் சிவப்புக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். அதிலும் உப்பையும் நிறைவுற்ற கொழுப்பையும்தான் கூடுதலாகக் கவனித்தார்கள். சாதாரணமாகக் கடைக்கு வரும் மனிதர்கள்! அவர்களுக்கு இருக்கும் அந்த எச்சரிக்கை உணர்வைத்தான் "மெஜாரிட்டி" என்ற ஒரு வார்த்தையால் அந்தப் படம் அழிக்கிறது. பச்சை எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்பதற்கும் 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கிறது. ஒரே மிட்டாய், ஒரே கலோரி எண். எண் பச்சை லேபிளில் இருந்தபோது அது உடம்புக்கு நல்லது என்று அதிகம் நினைத்தார்கள், சிவப்பில் இருந்தபோது அப்படி நினைக்கவில்லை.

சிலி நாட்டில் 2016இல் கொண்டுவந்த முறையில் பச்சையே கிடையாது. சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று கருப்பு எண்கோணக் கட்டம் மட்டும்தான். அங்கே எண்ணிச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பச்சை எதுவும் இல்லை. எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. பிரான்சில் 2017இல் வந்த ஏ முதல் இ வரையிலான ஒற்றை எழுத்து முறையைச் சிலர் சிபாரிசு செய்கிறீர்கள். அவசரத்துக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே எழுத்தாகக் கொடுத்தால், உப்பை மட்டும் பார்க்க வேண்டிய என் அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

"கலரை ஏன் பார்க்க வேண்டும், பின்னால் இருக்கும் அட்டவணையைப் படிக்க வேண்டியதுதானே, சோம்பேறிகள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அட்டவணையின் எழுத்து எவ்வளவு சின்னது என்று தெரியுமா? கண்ணாடி போட்டும் அம்மாவால் படிக்க முடியாது. வேலை முடிந்து, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர் ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை நொடி ஒதுக்குவார்? அவர்களுக்காகத்தான் கலரையே போட்டார்கள். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை உணவகத்தில் 2010இல் இப்படி நிறம் குறித்ததும் சிவப்புப் பொருட்களின் விற்பனை குறைந்தது. மக்களுக்குப் புரிகிறது. மக்களை முட்டாள் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் புரியவில்லை. என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. அவன் எண்களைத்தான் படித்தாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் ஆகும். அவனையும் சோம்பேறி என்பீர்களா?

அண்ணா, நீங்கள் என்னைக் கேலி செய்தது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த "மெஜாரிட்டி"யையாவது நீக்குங்கள். நீங்கள் என் நாலு வரியை நீக்கினீர்கள். படம் அப்படியே இருக்கிறது.

இன்று காலை உறவுக்காரர் ஒருவர் அதை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். அம்மா போனை என்னிடம் நீட்டி, "மூணு பச்சையாமே, திரும்ப வாங்கலாமா?" என்று கேட்டார்.